வயிற்றில் ராக்கியா வாசம்

டாக்டர் லூகிச் குனிந்து நெவேனாவின் வயிற்றருகே மூக்கைக் கொண்டுபோனார். ஒரு இழுப்பு இழுத்து மோந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"ராக்கியா," என்றார்.

ஐந்து மாத வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு மேசையில் படுத்திருந்த நெவேனாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தொப்புளைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேலென்று தடிப்பு ஏறிக் கிடக்கிறது. மேலே பொடிப்பொடியாகக் கொப்புளம். அரிப்பில் தூக்கம் போய் எத்தனையோ நாளாயிற்று. இந்த மனுஷனோ கண்ணால் பார்க்க வேண்டியதை மூக்கால் பார்க்கிறார்!

"ஒத்தடம் குடுத்தோம் டாக்டர், இல்லேன்னு சொல்லல. மாமியார் துணிய ராக்கியால நனைச்சு வச்சாங்க. ஆனா அது முந்தாநேத்துதான். தடிப்பு அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துடுச்சு. நீங்க குடுத்த ஊசி குத்துற இடத்துலதான் வருது. குத்தாத இடத்துல ஒண்ணுமே இல்ல, நல்லா பாருங்க."

"ஏம்மா, தீப்பெட்டி உரசினா பத்திக்கிற சாராயத்தைப் புள்ளத்தாச்சி வயித்துல ஊத்தினா, தோல் வேகாம என்ன பூவா பூக்கும்?" டாக்டர் கையைக் கழுவப் போனார். "இந்த ஊருக்கு வந்து இருபது வருஷமா இதைத்தான் பாக்குறேன். ஜுரம்னா ராக்கியா, பல்வலின்னா ராக்கியா, இடுப்பு புடிச்சுக்கிட்டா ராக்கியா. பொறந்தவனுக்கும் ஊத்துறீங்க, செத்தவன் கல்லறையிலயும் ஊத்துறீங்க. அதை நிறுத்து, எல்லாம் சரியாப் போயிடும். ஊசிய மட்டும் நிறுத்திடாத. நிறுத்தினா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

தெரியும். அவளைவிட யாருக்குத் தெரியும்? இதற்கு முன் மூன்று முறை வயிற்றில் தங்கியது, மூன்று முறையும் மூன்றாம் மாதம் தாண்டாமல் போய்விட்டது. மற்ற டாக்டர்களெல்லாம் "விதி, அடுத்த தடவை பாக்கலாம்" என்று தோளைக் குலுக்கியபோது, இந்த லூகிச்தான் குழாய் குழாயாக ரத்தம் எடுத்து, அவளுடைய ரத்தம் தேவைக்குமேல் உறைகிறது, குழந்தைக்குப் போகும் குழாயை அந்த ரத்தக்கட்டிகள் அடைக்கின்றன என்று கண்டுபிடித்தார். ரத்தம் உறையாமலிருக்க ஊசி எழுதிக் கொடுத்ததும் அவர்தான். நாலாவது இப்போது ஐந்து மாதம் வரை வந்து உள்ளே நீந்திக்கொண்டிருக்கிறதென்றால் அந்த ஊசியால்தான். கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஆளின் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தால் ஒருத்தி என்னதான் செய்வாள்? நெவேனா ரவிக்கையை இறக்கிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவள் குரல் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. பஸ் நிலையத்தில் மைக் பிடிப்பவள் அவள். "பெல்கிரேட் வண்டி மூணாவது மேடை" என்று அவள் ஒரு தடவை சொன்னால், காப்பிக் கடையில் பாதிக் கோப்பையை வைத்துவிட்டு ஆட்கள் ஓடிவருவார்கள். கர்ப்பத்துக்காக விடுப்பில் வந்து உட்கார்ந்த நாள் முதல் அவள் சொல்வதை ஒரு நாயும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். மாமியார் ராதொய்க்காவுக்கு முகம் சுண்டிப்போனது. வீட்டுக்குப் பின்னால் பிளம்ஸ் தோப்பு, கொட்டகையில் செப்புக் கொப்பரை. வருஷா வருஷம் தன் கையால் காய்ச்சுகிறவள் அவள். ஊரிலேயே தன் சரக்குதான் முதல் தரம் என்று தனக்குத்தானே பட்டம் கட்டிக்கொண்டவள்.

"என் ராக்கியாவா வேக வச்சுது? அந்த ஆளு பெல்கிரேட்ல படிச்சவன், கடையில விக்கிற கலப்படத்தைக் குடிச்சுப் பழகினவன். அவனுக்கு என்னடி தெரியும்? நீ ஊசி போடுறதுக்கு முன்னாடி துடைக்கிறியே அந்த மருந்துக்கடை ஸ்பிரிட்டு, அதுலதான் விஷம் இருக்கு. அதுல என்னத்தக் கலக்குறானுங்களோ!"

"அத்தை, ஸ்பிரிட்டும் இல்ல, ராக்கியாவும் இல்ல. ஊசி."

"நரம்புதான்," என்றான் ஸ்ரேத்தன். அவள் புருஷன். நாற்காலி மேசை செய்யும் பட்டறையில் வேலை. மரத்தோடு பழகிப் பழகி அவனும் யார் எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் சாய்கிறவனாகிவிட்டான். "நீ எதுக்கெடுத்தாலும் கோபப்படுற. நரம்பு சூடாச்சுன்னா தோல்ல தெரியும். எங்க பட்டறையில ஒருத்தனுக்கு இப்படித்தான்..."

"என் நரம்புக்கு ஒண்ணுமில்ல! வாய மூடிட்டு சாப்பிடு. ரெண்டு பேருக்கும் சொல்றேன், இனிமே ஒரு சொட்டு ராக்கியா என் வயித்துப் பக்கம் வரக்கூடாது. வந்துச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைப்பாள். தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசியை இறக்குவாள். மருந்து உள்ளே போகும்போது குளவி கொட்டியதுபோல் எரியும். மறுநாள் அந்த இடம் சிவக்கும், அதற்கு மறுநாள் தடிக்கும், பிறகு அரிக்க ஆரம்பிக்கும். சொறிந்தால் நீர் கட்டும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளி ஒரு இடம் பார்ப்பாள். தள்ளித் தள்ளி இடுப்பு வரை வந்துவிட்டாள். ஒருநாள் ஸ்ரேத்தன் பாவப்பட்டு "நான் போடுறேன் குடு" என்று வந்தான். ஊசி முனையைப் பார்த்ததுமே வெளுத்துப்போய்க் குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குத் தண்ணீர் கொடுத்து எழுப்பிவிட்டு, தன் ஊசியைத் தானே போட்டுக்கொண்டாள். இந்த லட்சணத்தில் அவளுக்கு நரம்புக் கோளாறாம்!

எல்லாவற்றையும்விட ஒரு நினைப்பு அவளைத் தின்றது. வெளியே இப்படித் தோலைப் பொசுக்குகிற மருந்து உள்ளே குழந்தையை என்ன செய்யும்? நிறுத்திவிடலாமா என்று தோன்றும். நிறுத்தினால் முன்னே போன மூன்றின் கதைதான். போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். இதைச் சொல்லி அழக்கூட ஆளில்லை. அழுதால் நரம்பு என்பான்.

தடிப்பு குறைவதாக இல்லை. மறுபடி டாக்டரிடம் போனாள். இந்தத் தடவை நிமிர்ந்த தலையோடு போனாள்.

"ராக்கியாவைக் கண்ணால கூடப் பாக்கல டாக்டர். அப்படியும் பாருங்க, இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு."

லூகிச் குனிந்தார், மோந்தார். நர்ஸைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

"பிளம்ஸ். அதுவும் நல்ல சரக்கு."

"சத்தியமா இல்ல!"

"ஏம்மா, உன் வாய நம்புறதா, என் மூக்க நம்புறதா? இதே மாதிரி வேலை செய்ற வேற ஜாதி ஊசி ஒண்ணு இருக்கு. விலை ஜாஸ்தி. பெரிய டாக்டருங்க குழு கூடிக் கையெழுத்துப் போட்டாத்தான் தருவாங்க. அவங்க முன்னாடி போயி நான் என்னன்னு சொல்றது? வயித்துல சாராயம் தடவிட்டு வந்து தடவலேன்னு பொய் சொல்ற பொம்பளைக்கு வேணும்னா? போயிட்டு வாம்மா. அடுத்த தடவை இந்த வாசத்தோட வந்தா நான் பாக்க மாட்டேன்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். மைக் இல்லாமலே ஊரைக் கூட்டுகிற நெவேனாவின் குரல் அந்த அறையில் எடுபடவில்லை. பொய்க்காரி! முப்பத்துநாலு வயசு வரை ஒரு வண்டி நேரத்தைக்கூடத் தப்பாகச் சொல்லாதவள்!

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில், தினமும் ஸ்பிரிட் பஞ்சைப் பிடிக்கும் தன் விரலைத் தானே மோந்து பார்த்தாள். பிளம்ஸ் வாசம் வந்தது. லேசாகத்தான், ஆனால் வந்தது. அது காய்ச்சும் மாதம். முற்றம், கொட்டகை, தலையணை உறை எல்லாம் புளித்த பழ வாசம் அடிக்கும் காலம். வீட்டுக்குள் இருந்தவரை அவள் மூக்குக்கு எதுவும் தனியாகத் தெரியவில்லை. இப்போது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குப் போனாள். மருந்துக்கடைச் சீட்டு ஒட்டிய ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

கொட்டகையில் ராதொய்க்கா கொப்பரைக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஸ்ரேத்தன் பக்கத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"அத்தை, இது என்ன?"

ராதொய்க்கா பாட்டிலைப் பார்த்தாள். மறைக்கவெல்லாம் இல்லை, அந்த நேர்மை அவளிடம் உண்டு. "ரெண்டு தடவை வடிச்சது. பளிங்கு மாதிரி. அந்தக் கடை விஷத்தை என்னிக்கோ சாக்கடையில ஊத்திட்டேன். நீ வேண்டாம்பேன்னு தெரியும், அதான் சொல்லல. உன் நல்லதுக்குத்தாண்டி..."

"என் நல்லதுக்கா?" இப்போது குரல் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது. "அந்த ஆளு என்னைப் பொய்க்காரின்னான்! நர்ஸ் முன்னாடி! வேற ஊசி இருக்காம் அத்தை, வேற ஊசி! குடுக்க மாட்டேங்குறான். ஏன் தெரியுமா? உங்க பளிங்கு என் வயித்துல நாறுது!"

"நான் என்னத்தக் கண்டேன்..."

"எதுலேர்ந்து எடுத்தீங்க?"

ராதொய்க்காவின் கண் மூலைக்குப் போனது. பிரம்புக் கூடை பின்னிய பெரிய கண்ணாடிக் குடுவை ஒன்று அங்கே இருந்தது. நெவேனா போய் அதைச் சாய்த்தாள். தூக்கவில்லை, தூக்கக்கூடாதென்று அந்தக் கோபத்திலும் நினைவிருந்தது. காலால் நெட்டி வாசல்வரை உருட்டி, தக்கையைப் பிடுங்கினாள். குபுக் குபுக்கென்று முற்றத்து மண்ணில் கொட்டியது.

"அய்யய்யோ!" ஸ்ரேத்தன் கோடாலியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "அடிப்பாவி, பதிமூணு வருஷத்துச் சரக்கு! நம்ம கல்யாணத்துக்கு முந்தினது! அய்யோ, அய்யோ!"

நெவேனா அவன் பக்கம் திரும்பினாள்.

"என் வயித்தைப் பாத்து ஒரே ஒரு தடவை இப்படி அய்யோன்னு சொல்லியிருக்கியாடா நீ?"

குடுவையை நிமிர்த்த நீண்ட அவன் கை பாதியில் நின்றது. குடுவை காலியாகும் சத்தம் மட்டும் கேட்டது.

"அது பேரப்புள்ள பொறந்தா ஊருக்கே ஊத்தணும்னு வச்சிருந்தேன்," என்றாள் ராதொய்க்கா மெல்ல. "அதனாலதான் அதுலேர்ந்தே எடுத்தேன். வேறெதையும் உன் மேல பட விட மனசு வரல."

"பொறந்தாத்தானே அத்தை ஊத்துவீங்க! முதல்ல அது பொறக்கணும்ல!"

இதைச் சொன்னதும் நெவேனாவுக்கு அழுகை உடைந்துவிட்டது. ரவிக்கையைத் தூக்கிக் காட்டினாள், புருஷன் மாமியார் இரண்டு பேருக்கும் முன்னால், பட்டப்பகலில், முற்றத்து நடுவில். இதுவரை அவர்கள் விளக்கு வெளிச்சத்தில், பாதி பார்த்தும் பாதி பார்க்காமலும் இருந்ததைத்தான் இப்போது முழுசாகப் பார்த்தார்கள். பழைய தடிப்பு கறுத்து, புதியது சிவந்து, நடுவில் நீர் கோத்து, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே புண்ணாகக் கிடந்தது. ராதொய்க்கா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். ஸ்ரேத்தன் "அய்யோ" என்று சொல்லவில்லை. மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"இதோட தினமும் குத்திக்கிறியாடி?" என்று கேட்டாள் மாமியார்.

"வேற என்ன பண்ண? நிறுத்திட்டு நாலாவதையும் குழியில வைக்கவா?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஸ்பிரிட்டும் இல்லை, ராக்கியாவும் இல்லை. ராதொய்க்கா தன் கையால் சோப்பும் கொதித்து ஆறின தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். ஊசி போடும்போது பக்கத்திலேயே நின்றாள். வயிற்றில் இடம் போய்த் தொடையில் போட ஆரம்பித்தார்கள். இரண்டாம் நாள் தொடையும் சிவந்தது. மருமகள் சொன்னது அவ்வளவும் உண்மை என்று அப்போதுதான் கிழவிக்கு உறைத்தது. உறைத்ததும் அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, நெவேனாவின் கோபமெல்லாம் அதற்குமுன் தூசு. தன்மேல் வந்த கோபத்தைத் தன்மேலேயே காட்ட முடியாமல், அதை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்குக் கிளம்பினாள். கோயிலுக்குக் கட்டுகிற கறுப்புத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டாள்.

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சு நிறையப் பிள்ளைத்தாய்ச்சிகள். "வரிசை இருக்கு பாட்டி," என்றாள் ஒருத்தி. "தெரியும் கண்ணு, திட்டிக்கோ," என்று சொல்லிக்கொண்டே ராதொய்க்கா கதவைத் தள்ளி, மருமகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

லூகிச் எழுந்தார். நெவேனா மேசையில் படுத்து ரவிக்கையைத் தூக்கினாள். பழக்கதோஷம், அவர் குனிந்தார்.

"மோந்தது போதும் டாக்டரே!" கிழவி மேசைமேல் தட்டினாள். "ஸ்பிரிட்டு பாட்டில்ல ராக்கியாவை மாத்தி ஊத்தினது நானு. இவளுக்குத் தெரியாது. இவ பொய் சொல்லல, நான்தான் திருட்டுத்தனம் பண்ணேன். அதுக்கப்புறம் வெறும் சோப்புத் தண்ணிதான். அப்படியும் வருது. தொடையில குத்தினா தொடையில வருது. இப்ப என்ன சொல்றீங்க?"

டாக்டர் கிழவியைப் பார்த்தார், தடிப்பைப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி தடிப்பைப் பார்த்தார். விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்படியா சங்கதி," என்றார். "இதை முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமே பாட்டி. அப்ப இது ஊசியோட அலர்ஜிதான். சில பேருக்கு இந்த மருந்து தோலுக்கு ஒத்துக்கறதில்ல."

நெவேனா எழுந்து உட்கார்ந்தாள்.

"அவங்க ஒரு தடவை சொன்னாங்க, நம்பிட்டீங்க. நான் எத்தனை தடவை சொன்னேன்?"

"அம்மா, சூழ்நிலை அப்படி..."

"என்ன சூழ்நிலை? வயிறு என்னுது. தோல் என்னுது. உள்ள இருக்கிறது என் புள்ள. குத்திக்கிறது என் கை. எல்லாத்தையும் விட்டுட்டு, பாட்டிலை மாத்தினவங்க சாட்சி சொன்னாத்தான் உங்களுக்கு நம்பிக்கை வருமா? என் வாய் என்ன வெறும் ஓட்டையா?"

வெளியே பெஞ்சில் பேச்சு நின்றுபோனது. அந்தக் குரலுக்கு அந்த ஊரில் எல்லோருக்கும் பழக்கம். லூகிச்சின் காது சிவந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாய்வரை வந்ததா என்று தெரியாது, வெளியே வரவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கிறதா என்று உடனே பார்க்கச் சொன்னார். இந்த மருந்து சிலருக்கு அதையும் குறைத்துவிடும், அது தோல் தடிப்பைவிடப் பெரிய ஆபத்து. நர்ஸ் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ரத்தம் எடுத்துக்கொண்டு ஓடினாள். மாமியாரும் மருமகளும் சுவரோரம் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ராதொய்க்கா முணுமுணுவென்று எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நெவேனா யாரையும் கூப்பிடவில்லை.

அணுக்கள் குறையவில்லை என்று வந்தது. டாக்டர் மூச்சு விட்டார்.

"நல்லது. இப்ப வேற ஊசிக்கு எழுதுறேன். குழு திங்கக்கிழமை கூடும், கையெழுத்தாகி மருந்து கைக்கு வரச் செவ்வாய் ஆயிடும். அதுவரைக்கும் இதையே போட்டுக்கோ. அரிப்புக்குக் களிம்பு தரேன். நாலு நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு..."

"ஆறு மணி ஆகப்போகுது," என்றாள் நெவேனா.

"என்னம்மா?"

அவள் பையிலிருந்து அன்றைய ஊசியை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இன்னிக்கு நீங்க போடுங்க."

"நர்ஸ் போடுவாங்க..."

"நர்ஸ் வேணாம். அன்னிக்குச் சிரிச்சவங்க அவங்க. எழுதிக் குடுத்தவரு நீங்க. நீங்களே போடுங்க."

மேசையில் ஏறிப் படுத்தாள். ரவிக்கையைத் தூக்கினாள், பாவாடையைத் தொடைக்குமேல் ஏற்றினாள். லூகிச் ஊசியை வாங்கி மூடியைக் கழற்றினார். எத்தனை ஆயிரம் ஊசி போட்ட கையோ! இடது கையால் தோலைக் கிள்ளிப் பிடிக்கப் போய், தொடாமல் நிறுத்தினார். தொப்புளுக்கு வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். இடுப்பு மடிப்பை விலக்கிப் பார்த்தார். வலது தொடை, இடது தொடை. விளக்கை இழுத்துக் கிட்டே வைத்துக்கொண்டு திரும்பவும் வயிற்றுக்கு வந்தார். ஊசி முனையில் ஒரு சொட்டு மருந்து நின்று நடுங்கியது.

"தேடுங்க டாக்டர்," என்றாள் நெவேனா கூரையைப் பார்த்தபடி. "தினமும் நான் தேடுற மாதிரி தேடுங்க. அவசரமில்ல."

அவர் ஊசியைத் தட்டில் வைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, குழுவின் தலைவரை வீட்டிலிருந்தாலும் பிடித்துத் தரச் சொன்னார்.

"லூகிச் பேசுறேன். அந்த இன்னொரு ஊசி எனக்கு இன்னிக்கே வேணும்," என்றார். "இல்ல சார், திங்கக்கிழமை வரைக்கும் முடியாது. இல்ல, போட முடியாது. குத்த இடமில்ல."

அவர் பேசி முடித்துத் தொலைபேசியை வைக்கும்வரை நெவேனா பாவாடையை இறக்கவில்லை.